கோகனி கடிக்கவில்லையா? நியூ மெலோனீஸில் எதை எந்த வரிசையில் பார்ப்பது

மே மாதம் பிறந்தால் என் போனுக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்பிப் போனோம், பத்து மணிவரை சுற்றினோம், ஒன்றுகூட மாட்டவில்லை, அந்த ஏரியில் மீன் இருக்கிறதா இல்லையா? முதல் இரண்டு சீசன் நானும் இதையேதான் கண்ணில் பட்டவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ஐஸ் பெட்டி காலியாகத் திரும்பிய நாளிலெல்லாம் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். அதில் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகள்தான் கீழே இருப்பவை. நோட்டைப் புரட்டினால் ஏரியில் மீன் இல்லாத நாள் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஓடும் படகுக்குப் பின்னால் தூண்டிலை மீனுக்குக் கீழே இழுத்த நாள், வேகம் தப்பிய நாள், முள் மழுங்கிய நாள், இவைதான் பக்கம் பக்கமாக இருக்கின்றன. புதுச் சாமான் வாங்கித் தீர்ந்த கோளாறு இரண்டோ மூன்றோதான், வாங்கியது மட்டும் ஒரு பெட்டி நிறைய.

ஏரியைப் பற்றி நாலு வரி. நியூ மெலோனீஸ் கலிஃபோர்னியாவில் ஸ்டானிஸ்லாஸ் ஆற்றின் குறுக்கே 625 அடி உயர அணை கட்டித் தேக்கிய நீர். சோனோராவுக்கும் ஏஞ்சல்ஸ் கேம்ப்புக்கும் நடுவில், நெடுஞ்சாலை 49 அதன் மேலேயே பாலமாகக் கடந்து போகும். நிறைந்தால் 24 லட்சம் ஏக்கர்-அடி. கோகனி என்பது கடலுக்கே போகாமல் நன்னீரில் வாழ்ந்து முடிக்கும் சாக்கை சால்மன். இது சின்ன மீனைத் துரத்தித் தின்னும் ஜாதி இல்லை, தண்ணீரில் மிதக்கும் பொடிப் பூச்சிகளை, முக்கியமாக டாஃப்னியாவை, தின்னும். ஆகவே உங்கள் தூண்டிலைப் பசியில் கடிப்பதைவிட எரிச்சலில் கடிப்பதுதான் அதிகம். மீனுக்கு எரிச்சல் மூட்டத்தான் இத்தனை பாடும்.

கிளம்பும் முன்பே: "இந்த வருடம் தேறுமா?"

கோகனி பெரும்பாலும் மூன்று வருடம், சில நான்கு. முட்டையிட்டதும் செத்துவிடும். அதனால் இந்தக் கோடையில் உங்கள் கைக்கு வரப்போகும் மீன், இரண்டு வருடம் முன்பு இரண்டு மூன்று அங்குலக் குஞ்சாக விடப்பட்டது. போன வருடம் நன்றாகக் கிடைத்தது என்பதை வைத்து இந்த வருடத்தைக் கணக்குப் போட்டால் தப்பாகப் போகும், அந்த மீன்கள் இப்போது உயிரோடே இல்லை.

பார்க்க வேண்டியது முதலில் குஞ்சு விட்ட கணக்கு. கலிஃபோர்னிய மீன், வனவிலங்குத் துறை எந்த ஏரியில் என்ன விட்டது என்பதை வெளியிடுகிறது. இரண்டு, மூன்று வருடம் பின்னால் போய்ப் பாருங்கள். நிறைய விட்டிருந்தால் எண்ணிக்கை கூடும், அளவு சிறுக்கும். குறைவாக விட்டிருந்தால் அரை நாளைக்கு மூன்று மீன்தான் வரும், ஆனால் ஒவ்வொன்றும் பதினாறு, பதினேழு அங்குலம் இருக்கலாம். மாநிலத்து ஏரிகளில் விடும் குஞ்சுகளுக்கான முட்டையை ஸ்டாம்பீட் நீர்த்தேக்கத்துக்கு மேலே லிட்டில் ட்ரக்கி ஆற்றில் ஏறிவரும் கோகனிகளிடமிருந்து எடுக்கிறார்கள். அங்கே ஓர் இலையுதிர் காலம் முட்டை குறைந்தால் இரண்டரை வருடம் கழித்து நாம் இங்கே வெறுங்கோலைப் பார்த்து உட்கார்ந்திருப்போம்.

அடுத்தது தண்ணீர். 2012 முதல் 2016 வரையிலான வறட்சியில், 2015 இலையுதிர் காலத்தில், இந்த ஏரி கொள்ளளவில் ஏறக்குறைய 11 சதவீதத்துக்கு இறங்கியது. தண்ணீர் சுருங்கும்போது கோகனிக்குப் பிடித்த குளிர் நீரும் சுருங்கும், அந்தத் தலைமுறை அடிவாங்கும், அதன் வலி இரண்டு மூன்று வருடம் தொடரும். 2023 குளிர்காலத்து மழையும் பனியும் ஏரியை மறுபடி நிரப்பின. நீர்மட்டம் தினமும் வெளியாகிறது, படகு இறக்கும் சரிவு திறந்திருக்கிறதா என்பதையும் கூடவே பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு ஏஞ்சல்ஸ் கேம்ப் பக்கத்துத் தூண்டில் கடைக்கு ஒரு போன். "கடிக்கிறதா?" என்று கேட்காதீர்கள், கடைக்காரர் எப்போதும் கடிக்கிறது என்றுதான் சொல்வார். "எத்தனை அடியில்?" என்று கேளுங்கள். எண் சொல்லத் தயங்கினால் அந்த வாரம் யாரும் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

விவரம் தெரிந்தவரைக் கேட்க வேண்டிய இடம்: கணக்குப்படி நிறைய விட்டிருக்கிறார்கள், மே, ஜூன் இரண்டு மாதமும் யாருக்கும் கிடைக்கவில்லை என்றால் அந்த வட்டார மீன்வள உயிரியலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். காசு கிடையாது. நான் இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் பதில் வாங்கியிருக்கிறேன்.

அறிகுறி: வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்

இது சமீபத்திய நோய். 2024 அக்டோபரில் ஸ்டாக்டன் துறைமுகப் பக்கம் தங்க மட்டி என்ற அந்நிய மட்டி கண்டுபிடிக்கப்பட்டது, படகோடு ஏரிக்கு ஏரி பரவக்கூடியது. அதற்குப் பிறகு வட கலிஃபோர்னிய ஏரிகள் ஒவ்வொன்றும் தனித்தனி விதி போட ஆரம்பித்துவிட்டன. சில ஏரிகளில் பரிசோதனை மட்டும், சில இடத்தில் படகுக்கு முத்திரை போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போன மாதத்து விதி இந்த மாதம் இருக்காது, போகும் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

பெரும்பாலும் காரணம் படகின் அடிவயிற்றில் தேங்கிய தண்ணீர்தான். என்னை ஓர் ஏரி வாசலில் காலை ஐந்தே முக்காலுக்குத் திருப்பி அனுப்பியது அரைக் குவளை மழைத் தண்ணீருக்காக. கட்டி எடுத்துப் போன புளிச்சோற்றை வண்டி நிறுத்துமிடத்திலேயே தின்றுவிட்டுத் திரும்பினேன். இப்போதெல்லாம் முந்தின நாள் மாலையே அடைப்பானைக் கழற்றி, படகின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, மூலை முடுக்கெல்லாம் துணியால் ஒற்றி எடுத்துவிடுகிறேன். மீன் தொட்டி, நங்கூரக் கயிறு, என்ஜினின் கீழ்ப்பகுதி எல்லாமே காய்ந்திருக்க வேண்டும். ஸ்டாக்டன் பக்கத்து ஆற்று டெல்டாவில் ஓட்டிய படகு என்றால் கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

காகிதங்கள்: மீன்பிடி உரிமம் இப்போது வாங்கிய நாளிலிருந்து 365 நாள். இரண்டு கோல் போட வேண்டுமானால் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து மோட்டார் படகு ஓட்டும் எல்லா வயதினருக்கும் படகோட்டி அட்டை கட்டாயம்.

அறிகுறி: திரையில் ஒன்றுமே தெரியவில்லை

தண்ணீருக்குள் இருக்கும் மீனைத் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் இல்லாமல் கோகனி பிடிக்கலாம், கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடலாம் என்பது மாதிரி. திரை இருந்தும் காலியாக இருந்தால், முதலில் ஆழத்தைத் தானியங்கி அளவில் விட்டிருக்கிறீர்களா பாருங்கள். 300 அடித் தண்ணீரில் அது அடித்தரைவரை காட்ட முயலும், மீன் புள்ளியாகச் சுருங்கிவிடும். 0 முதல் 120 அடிவரை என்று கையால் வையுங்கள், உணர்திறனைத் திரையில் லேசாகப் புழுதி தெரியும்வரை கூட்டுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே மீன் தெரிந்துவிடும்.

தெரியவில்லையா? படகின் பின்னால் குனிந்து, தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும் டிரான்ஸ்டியூசரைப் பாருங்கள். ட்ரெய்லரிலிருந்து இறக்கும்போது உருளையில் தட்டி மேல்நோக்கித் திரும்பியிருக்கும். கையால் தள்ளி நேராக்கினால் போதும்.

அதுவும் சரி என்றால் இடம் தப்பு. இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறோம், சரிவைவிட்டு நூறு கஜம் போனதும் தூண்டில் நரம்பைத் தண்ணீரில் விட்டுவிடுகிறோம். கோகனி கூட்டமாகச் சுற்றும் மீன், முந்தாநாள் இருந்த இடத்தில் இன்று இருக்காது. முதல் இருபது, முப்பது நிமிடம் தூண்டிலைத் தொடாமல் மணிக்கு நாலைந்து மைல் வேகத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டித் திரையை மட்டும் பாருங்கள். நான் அணைப் பக்கம், உபரிநீர் வாய், குளோரி ஹோல் முனை, கார்சன் க்ரீக் வாய் என்ற வரிசையில் போவேன். ஒரு கூட்டம் தெரிந்தால் ஜி.பி.எஸ்ஸில் குறித்துவிட்டுத் தாண்டிப் போய் இன்னொன்று தேடுவேன், இரண்டாவது தெரிந்த பிறகுதான் கோலைக் கையில் எடுப்பேன். கூட வருகிறவர்களுக்கு இது பொறுக்காது. காப்பியைக் கையில் கொடுத்து உட்கார வையுங்கள்.

எந்த ஆழத்தில் தேடுவது என்றால் 50 முதல் 55 டிகிரி ஃபாரன்ஹீட் தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே. என் நோட்டில் மார்ச்சில் மேலிருந்து 30 அடிக்குள், மே மாதம் 30 முதல் 50, ஜூன் கடைசியில் 50 முதல் 70, ஆகஸ்டில் 70 முதல் 100 அடி. தண்ணீர் மட்டத்தைப் பொறுத்துப் பத்து, பதினைந்து அடி இப்படி அப்படி மாறும்.

ஏதோ பெரிய மேகம் மாதிரித் தெரிகிறது, கோகனிதானா? இந்த ஏரியில் ஷாட் என்ற பொடி மீனும் உண்டு. அது பஞ்சு மூட்டை மாதிரி அடர்த்தியாக, பெரும்பாலும் மேல் தண்ணீரில் தெரியும். கோகனி தனித்தனி வளைவுகளாக, ஒரே மட்டத்தில் தட்டையாகப் பரவித் தெரியும். மூட்டைக்கு அடியில் ஒன்றிரண்டு பெரிய வளைவு தெரிந்தால் அது ஷாட் தின்ன வந்த டிரவுட்டாக இருக்கலாம்.

தொழில் தெரிந்தவரை அழைக்க வேண்டிய இடம்: திரை விட்டு விட்டு அணைகிறது, என்ஜினைக் கூட்டினால் கோடு கோடாக வருகிறது என்றால் அது வயரிங். படகு மின்வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள், நான் நாடா சுற்றிப் பார்த்து ஒரு சீசனை வீணாக்கியிருக்கிறேன்.

அறிகுறி: திரை முழுக்க மீன், கோல் மட்டும் அசையவில்லை

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான், மனதை நோகடிப்பதும் இதுதான். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பதினைந்து நிமிடம் இழுத்துப் பாருங்கள். ஆழம், நிறம், வேகம் மூன்றையும் சேர்த்து மாற்றி மீன் மாட்டினால் எதனால் மாட்டியது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

*முதலில் ஆழம்.* கோகனி மேல்நோக்கிப் பார்த்து ஏறி வந்து கடிக்கும், கீழே இறங்கி வருவது அபூர்வம். மீன் 60 அடியில் இருந்தால் தூண்டில் 55இல் ஓட வேண்டும். நீங்களும் 55இல்தான் வைத்திருப்பீர்கள், ஆனால் அது உண்மையில் 55தானா? டவுன்ரிகர் என்பது ஈயக்குண்டைக் கம்பியில் தொங்கவிட்டுத் தூண்டிலை வேண்டிய ஆழத்துக்கு இறக்கும் கருவி. அதன் எண்காட்டி பொய் சொல்லும், கம்பி அறுந்து திரும்பச் சுற்றிய பிறகு கூடுதலாகவே பொய் சொல்லும். சரிவுக்குப் பக்கத்தில் 40 அடி ஆழமுள்ள தட்டையான இடத்தில் படகை நிறுத்திவிட்டு ஈயக்குண்டை மெல்ல இறக்குங்கள். தரை தட்டும்போது எண்காட்டி 40 காட்டாவிட்டால் எத்தனை அடி வித்தியாசம் என்பதைப் படகிலேயே மார்க்கரால் எழுதி வைத்துவிடுங்கள்.

அடுத்தது கம்பியின் சாய்வு. படகு ஓடும்போது கம்பி நேராகத் தொங்காது, பின்னால் சாயும். 80 அடி கம்பி விட்டு அது 30 டிகிரி சாய்ந்தால் குண்டு நிற்பது ஏறக்குறைய 70 அடியில்தான். ஆறு பவுண்டு குண்டை வைத்துக்கொண்டு ஆகஸ்டில் 90 அடி இறக்குகிறேன் என்று கிளம்புபவர்கள் மீனுக்குப் பத்துப் பதினைந்து அடி மேலே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பத்து, பன்னிரண்டு பவுண்டு குண்டு மாட்டுங்கள். இந்தக் கட்டுரையில் நான் வாங்கச் சொல்லும் முதல் சாமான் இதுதான்.

*அப்புறம் வேகம்.* மணிக்கு 1.0 முதல் 1.8 மைல்வரை எதுவும் வேலை செய்யும், நான் 1.3இல் ஆரம்பிப்பேன். ஆனால் ஜி.பி.எஸ் காட்டுவது தரையை வைத்து வேகம், மீனுக்குத் தெரிவது தண்ணீரில் வேகம். காற்று மேல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்போது இரண்டும் ஒன்றாக இருக்காது. காற்றை எதிர்த்துப் போகும்போது மட்டும் கடிக்கிறது, திரும்பி வரும்போது கடிக்கவில்லை என்றால் மீனைக் குறை சொல்லாதீர்கள், திரும்பும் வழியில் உங்கள் வேகம் வேறு.

எந்த வேகம் என்று கண்டுபிடிக்கக் காசில்லாத வழி ஒன்று உண்டு. நேர்கோட்டில் போகாமல் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓட்டுங்கள். வளையும்போது வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுக்கும், உள்பக்கத் தூண்டில் மெதுவாகி இறங்கும். வெளிப்பக்கக் கோல் மடங்கினால் 0.2 கூட்டுங்கள். உள்பக்கக் கோல் மடங்கினால் 0.2 குறையுங்கள். இரண்டும் மடங்காவிட்டால் அடுத்த பத்திக்கு வாருங்கள்.

*டாட்ஜர் ஆட்டம்.* கோகனிக்கு எரிச்சல் மூட்டும் கருவி தூண்டில் இல்லை, அதற்கு முன்னால் போகும் அந்தத் தகடுதான். நாலு முதல் ஆறு அங்குலம் இருக்கும். இறக்கும் முன் படகுக்குப் பக்கத்திலேயே தண்ணீரில் விட்டுப் பாருங்கள், இடமும் வலமுமாக நாய் வாலாட்டுவது மாதிரி ஆட வேண்டும். முழுச் சுற்றாகச் சுழன்றால் வேகம் அதிகம், சோம்பிப் போய்ச் சாய்ந்தபடி வந்தால் வேகம் குறைவு. இரண்டு வேகத்திலும் ஆடவில்லை என்றால் நடுவில் லேசாக வளைத்துப் பாருங்கள். இறக்கிய பிறகு கோல் நுனி டக் டக் என்று சீராகத் துடிக்க வேண்டும். துடிப்பு நின்றால் நரம்பு சிக்கியிருக்கிறது, அல்லது உங்களுக்குத் தெரியாமல் ஒரு பொடி மீன் மாட்டிக்கொண்டு கூடவே வருகிறது. எடுத்துப் பாருங்கள்.

*தகட்டுக்கும் தூண்டிலுக்கும் இடையே உள்ள நரம்பு.* ஹூச்சி என்று சொல்லும் குட்டி ரப்பர் கணவாய்க்குச் சொந்த ஆட்டமே கிடையாது, தகடு ஆட்டினால்தான் ஆடும். அதனால் நரம்பு 10 முதல் 14 அங்குலத்துக்குள் இருக்கட்டும். சுழலும் இலை உள்ள ஸ்பின்னருக்குச் சற்று நீளம் இருந்தாலும் பரவாயில்லை. கடையில் கட்டி விற்கும் பல தூண்டில்கள் நாலு அடி நரம்போடு வரும், அப்படியே மாட்டுகிறோம், தகடு ஆடுகிறது, தூண்டில் பிணம் மாதிரி வருகிறது. ஒரு கத்தரிக்கோல் போதும்.

*சோளம்.* முள்ளில் ஒரு வெள்ளைச் சோள மணி, ஷூபெக் என்ற நீள மணி வகை, டியூனா எண்ணெயிலோ பூண்டுச் சாற்றிலோ ஊறவைத்தது. ஏன் சோளம் என்று கேட்காதீர்கள், வேலை செய்கிறது. முள்ளுக்கு ஒரே மணி, மூன்று நாலு கோத்தால் ஆட்டம் செத்துவிடும், முள் நுனி வெளியே தெரிய வேண்டும், அரை மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பெட்ரோல் ஊற்றிய கையால் சோளத்தைத் தொடாதீர்கள். வேறு மாநிலத்தில் பிடிக்கிறீர்கள் என்றால் சோளம் போட அனுமதி உண்டா என்று விதிப் புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

*படகுக்குப் பின்னால் எவ்வளவு தூரம்.* மீன் 20 அடிக்குள் இருந்தால் படகின் சத்தத்துக்கு விலகும், ஆகவே 80, 100 அடி பின்னால் விட்டு, அப்புறம் நரம்பை டவுன்ரிகர் கம்பியோடு பிடித்து வைக்கும் கிளிப்பில் மாட்டுங்கள். 70 அடியில் இருந்தால் 15, 20 அடி போதும்.

*நிறம் கடைசியில்.* இளஞ்சிவப்பு, பிறகு ஆரஞ்சு. ஆழம் போகப் போக இருட்டில் ஒளிரும் வகை. என்னிடம் 40 நிறம் இருக்கிறது, நோட்டைப் பார்த்தால் மீன் மாட்டியதெல்லாம் ஐந்தில்தான்.

இத்தனையும் பார்த்தாயிற்று, இன்னும் இல்லை என்றால் ஒரு மல்டிமீட்டரை எடுத்து டவுன்ரிகர் கம்பிக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் நடுவே மின்னழுத்தம் பாருங்கள். கம்பியில் மின்சாரம் கசிந்தால் மீன் விலகும் என்று பழைய ஆட்கள் சத்தியம் செய்வார்கள், நான் பாதிதான் நம்புகிறேன். இருந்தாலும் கசிவு பெரிதாக இருந்தால் படகுக்கே நல்லதில்லை, மின்வேலைக்காரரிடம் போக வேண்டியதுதான்.

கைடை அழைக்க வேண்டிய இடம்: திரையில் மீனைப் பார்த்துக்கொண்டே மூன்று நாள் தொடர்ந்து வெறுங்கையோடு வந்துவிட்டால், அடுத்த டவுன்ரிகருக்கு வைத்திருக்கும் காசில் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரோடு அரை நாள் போய்விடுங்கள். மீனுக்காக இல்லை. அவருடைய கோல் நுனி எப்படித் துடிக்கிறது, கம்பி எவ்வளவு சாய்கிறது என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் இதை நாலாவது வருடம் செய்தேன்.

அறிகுறி: ஒரே கோல்தான் மாட்டுகிறது, மற்றது சும்மா இருக்கிறது

சும்மா இருக்கும் கோலை அப்படியே மாட்டும் கோலின் நகலாக்குங்கள். அதே தகடு, அதே நரம்பு நீளம், அதே ஆழம், அதே தூரம். அப்போதும் அதே பக்கம்தான் மாட்டுகிறது என்றால் எண்காட்டி இரண்டும் ஒத்துப்போகவில்லை. குண்டுகளை இடம் மாற்றிப் பார்த்து உறுதிசெய்யலாம். முடிந்தது.

அறிகுறி: கடிக்கிறது, பாதி வழியில் கழன்றுவிடுகிறது

கோகனியின் வாய் ஈரக் காகிதம். பாஸ் மீனுக்கு வெட்டி இழுப்பது மாதிரி இழுத்தால் உதடுதான் முள்ளில் வரும். பத்தில் மூன்று கழன்றால் சகஜம், ஆறு கழன்றால் ஏதோ கோளாறு.

முள் நுனியை நகத்தில் வைத்து இழுங்கள், வழுக்கினால் மாற்றுங்கள். அடுத்து டிராக், அதாவது மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடி. கையால் நரம்பை இழுத்தால் சிணுங்கிக்கொண்டே வர வேண்டும். கோல் விறைப்பாக இருந்தால் எதுவும் உதவாது, ஏழு, ஏழரை அடி நீளத்தில் அடிவரை வளையும் மெல்லிய கோல்தான் வேண்டும். நான் வாங்கச் சொல்லும் இரண்டாவது சாமான், கடைசியும் அதுதான். கோல் மாற்ற மனமில்லாதவர்கள் இடையில் இழுப்பின் அதிர்ச்சியைத் தாங்கும் ஒரு ரப்பர் ஸ்னப்பர் மாட்டலாம், சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கிளிப் ரொம்ப இறுகியிருந்தால் சின்ன மீனால் அதை விடுவிக்க முடியாது, இழுபட்டு இழுபட்டு வாய் கிழியும். ரொம்பத் தளர்ந்திருந்தால் முள் குத்தும் முன்பே விட்டுவிடும். கோல் நன்றாக வளைந்து நிற்கும்படி நரம்பை இறுக்கி வையுங்கள், மீன் விடுவித்ததும் கோல் நிமிரும் அந்த எழுச்சியே முள்ளைக் குத்திவிடும், நீங்கள் வெட்டி இழுக்கவே வேண்டாம்.

மீன் மாட்டியதும் என்ஜினை நிறுத்தாதீர்கள். படகு நின்றால் நரம்பு தொய்யும், தொய்ந்த அந்த நொடியில் மீன் போய்விடும். படகுக்குப் பக்கத்தில் வந்ததும் கோகனி பைத்தியம் பிடித்தது மாதிரி உருளும், குதிக்கும், பாதி இழப்பு அந்தக் கடைசி ஆறு அடியில்தான். நீளக் காம்புள்ள கைவலையைத் தண்ணீருக்குள் முன்பே இறக்கி வைத்து, தலை முதலில் வரும்படி மீனை அதற்குள் நடத்துங்கள். வலையால் மீனைத் துரத்தாதீர்கள். எங்கள் படகில் வலை பிடிப்பவர் தப்பவிட்டால் அடுத்த காப்பி அவர் செலவு.

அறிகுறி: டவுன்ரிகர் கம்பி திடீரென்று இறுகிப் படகு பின்னால் இழுபடுகிறது

மரம். இந்த ஏரி ஒரு பள்ளத்தாக்கையே மூழ்கடித்தது. அந்த ஆற்றுக்காக அவ்வளவு போராட்டம் நடந்தது, 1979இல் மார்க் டுபோய் என்ற ஆற்றுப் பாதுகாப்புப் போராளி பள்ளத்தாக்கில் ஒரு பாறையோடு தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு தண்ணீர் நிரப்புவதை நிறுத்தச் சொன்னார். கடைசியில் ஏரி நிரம்பியது, மரங்கள் பல நின்றபடியே கீழே இருக்கின்றன.

உடனே என்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள், டவுன்ரிகர் பிரேக்கைத் தளர்த்திக் கம்பியை ஓடவிடுங்கள், மற்ற கோல்களைச் சுற்றி எடுங்கள், பிறகு வந்த வழியே மெல்லத் திரும்பிப் போய் எதிர்ப்பக்கத்திலிருந்து தூக்குங்கள். பெரும்பாலும் வந்துவிடும். கம்பியைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, விரல் போய்விடும். வரவில்லை என்றால் வெட்டிவிடுங்கள், கம்பி வெட்டும் குறடு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், குண்டு கொஞ்சம் டாலர்தான். காற்று கூடும்போது பின்பக்கம் மாட்டிக்கொண்ட படகுக்குள் அலை ஏறி வரும், உயிர்காப்புச் சட்டை போட்டிருக்கிறீர்கள்தானே?

இறுகியபோது டவுன்ரிகரைத் தாங்கும் தகடு வளைந்தாலோ படகின் விளிம்பில் விரிசல் விழுந்தாலோ அன்றைக்கு அத்தோடு முடித்துக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி: மாட்டுவதெல்லாம் பத்து அங்குலம்

கூட்டத்துக்குள் பெரியது கொஞ்சம் கீழே நிற்கும், ஐந்து பத்து அடி இறக்கிப் பாருங்கள், தூண்டிலைச் சற்றுப் பெரிதாக்குங்கள். ஒரு மணி நேரத்தில் மாறவில்லை என்றால் செய்ய ஒன்றுமில்லை, இரை ஒரே அளவு, வாய்கள் அதிகம். வேறு ஏரிக்குப் போங்கள், டான் பெட்ரோவோ பெர்ரியெஸாவோ. எண்ணிக்கை வரம்பு பொதுவாக ஒரு நாளைக்கு 5, சில ஏரிகளுக்கு மட்டும் வேறு மாதிரி இருக்கும், அந்த வருடத்துப் புத்தகத்தைப் பாருங்கள். சின்னதைத் திருப்பி விடுவதாக இருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கோடையில் 80 அடியிலிருந்து மேலே வெந்நீருக்குள் இழுத்து வந்த கோகனி திரும்ப விட்டாலும் பல நேரம் பிழைக்காது. பத்து சின்னதை விட்டுவிட்டு ஐந்து பெரியதுக்குக் காத்திருப்பதைவிட முதல் ஐந்தோடு கிளம்புவது மேல்.

அறிகுறி: வீட்டுக்கு வந்து பார்த்தால் சதை கொழகொழவென்று இருக்கிறது

ஜூனில் பிடித்தது இப்படி இருந்தால் தப்பு உங்கள் மேல். தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுப் பன்னிரண்டு மணிவரை வெயிலில் வைத்திருப்பீர்கள். மீன் வந்ததும் தலையில் ஒரு அடி, உடனே செவுளை அறுத்து வாளித் தண்ணீரில் ரத்தம் வடியவிட வேண்டும், ஐந்து நிமிடத்தில் ஐஸ் பெட்டிக்குள். வெறும் ஐஸ் இல்லை, ஐஸும் தண்ணீரும் கலந்த கூழ். முழு மீனும் அதில் முழுக வேண்டும்.

செப்டம்பர், அக்டோபரில் பிடித்தது என்றால் தப்பு காலத்தின் மேல். முட்டையிடத் தயாராகும் கோகனி உடம்பு சிவந்து தலை பச்சையாகி ஆண்களுக்குத் தாடை கொக்கியாக வளைந்துவிடும். கொழுப்பெல்லாம் சினைக்குப் போய்ச் சதை வெளுத்து ருசி கெட்டுப்போகும். அதைத் தூண்டிலில் பார்ப்பதைவிட அக்டோபரில் தாஹோ ஏரிப் பக்கம் டெய்லர் க்ரீக்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போய் ஓடையில் ஏறும்போது பாருங்கள்.

இது தங்கச் சுரங்கக் காலத்துப் பாதரசம் இன்னும் கிடக்கும் நாடு, எத்தனை மீன் தின்னலாம் என்று மாநில அரசு வெளியிடும் அறிவுரையைப் படித்துவிடுங்கள். பொடிப் பூச்சி தின்று மூன்றே வருடம் வாழும் கோகனியில், வயதான பெரிய பாஸில் சேர்வதுபோல் பாதரசம் சேராது.

சமையலில் ஒரே ஒரு கோளாறுதான் அடிக்கடி வருகிறது, குழம்பில் போட்டால் கரைந்துவிட்டது என்பார்கள். கரையத்தான் செய்யும், வஞ்சிரம் மாதிரிக் கெட்டிச் சதை இல்லை. தோலோடு துண்டு போட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு தடவிக் கால் மணி நேரம் வைத்து, தோல் பக்கம் கீழே இருக்கும்படி தோசைக்கல்லில் சிறு தீயில் போடுங்கள். எண்ணெய் அதிலேயே இறங்கும். ஒரே ஒரு தடவைதான் திருப்ப வேண்டும்.